ஒரு கையெழுத்தின் கதை

1/ வெளிநாட்டுல ஒரு செமஸ்டர் படிக்கப் போறீங்களா? பெட்டி கட்டும் முன் இந்த வரலாற்றைப் படிச்சிடுங்க.

2/ 1958. இத்தாலிய சட்ட மாணவி சோஃபியா கொராடி, ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து ரோம் திரும்பினார். "அந்தப் படிப்பு இங்க செல்லாது" என்று அவரது பல்கலைக்கழகம் கைவிரித்துவிட்டது.

3/ அவர் விடலை. பல வருஷம் துணைவேந்தர்களிடம் வாதாடினார். 1987-ல் ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டம் பிறந்தது. முதல் வருஷம் 11 நாடுகள், 3,244 மாணவர்கள்.

4/ இன்று எராஸ்மஸில் கிளம்பும் முன்பே 'கற்றல் ஒப்பந்தம்' போடணும். அங்கே படிக்கும் பாடம் இங்கே எதற்கு ஈடு என்று மாணவரும் இரண்டு பல்கலைக்கழகங்களும் கையெழுத்திடணும்.

5/ டாக்டரா தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டு எடுத்து வைங்கன்னுதான் சொல்வேன். ஆனா எந்த நாட்டுக்குப் போனாலும் முதல்ல அந்தக் கையெழுத்து. வாய்வார்த்தையை நம்பி விமானம் ஏறாதீங்க.