பெரட்டும் ஐசியும்

மலேசியாவில் எங்கள் சுங்கை காடுட் பக்க ரப்பர் தோட்டங்களில் பாட்டி காலத்தில் விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. கங்காணிக்கு முகம் தெரிந்தால் போதும், பேர் விழும். 1948 ஜூனில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் வந்தது, முகம் போதவில்லை. அந்த ஆண்டே 12 வயதைத் தாண்டியவர்களுக்குப் படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அடையாள அட்டைகள் (ஐசி) கொடுக்கத் தொடங்கினார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் அவற்றைப் பறித்துக் கிழித்தார்கள்.

ஐசி ஆளைத்தான் சொல்லும். உணவுக் கட்டுப்பாடு இருந்த இடங்களில், அது கையில் இருந்தாலும் பால்மரக் காட்டுக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோக விடமாட்டார்கள்.

இன்று சர்வரில் நான் அமைப்பதும் இதே இரண்டு சோதனைகள்: நீ யார், உனக்கு எதற்கு அனுமதி? 2001இல் மைகாட் என்ற புதிய ஐசி வந்து, ரேகை சில்லுக்குள் போனது. லாகின் செய்தவர்களுக்கெல்லாம் அட்மின் பக்கத்தைத் திறந்துவிடும் புரோகிராமர்கள் மட்டும் இன்னும் பெரட்டுக் காலத்திலேயே இருக்கிறார்கள்.