காஞ்சிபுரம்: நகரின் வரலாறும் பிரிவுகளும்

காஞ்சிபுரம், சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 75 கி.மீ. தொலைவில் வேகவதி ஆற்றங்கரையில் அமைந்த கோயில் நகரம். கச்சி என்பது அதன் இலக்கியப் பெயர். முத்தி தரும் ஏழு நகரங்களுள் தென்னாட்டில் இருப்பது இது ஒன்றே. பெரும்பாணாற்றுப்படை இதைத் தொண்டைமான் இளந்திரையனின் ஊராகப் பாடுகிறது. சமுத்திரகுப்தனின் அலகாபாத் தூண் கல்வெட்டு, காஞ்சியின் விஷ்ணுகோபனைக் குறிக்கிறது. 9ஆம் நூற்றாண்டு வரை பல்லவர் தலைநகராக இருந்து, பின்னர் சோழர், விஜயநகர அரசர் கைகளுக்கு மாறியது.

சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி, ஜினகாஞ்சி, புத்தகாஞ்சி என நகரை நான்காகச் சொல்வது நூல்வழக்கு. ஊர்ப்பேச்சில் பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம் என்ற இரண்டே உண்டு. அந்தப் பெயர்கள்தாம் நிலத்தோடு பொருந்துகின்றன. சிவகாஞ்சி எனப்படும் பெரிய காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன் கோயில்களோடு உலகளந்த பெருமாளும் வைகுண்டப் பெருமாளும் எழுந்தருளியிருக்கிறார்கள். சமயத்தை வைத்துக் கோடு கிழித்தால் அந்தக் கோடு முதல் தெருவிலேயே அழிந்துவிடும்.

நகரின் மேற்கு ஓரத்தில் உள்ள கைலாசநாதர் கோயிலை, ராஜசிம்மன் எனப்பட்ட இரண்டாம் நரசிம்மவர்மன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மணற்கல்லால் எழுப்பினான். பின்னர் காஞ்சியைக் கைப்பற்றிய சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், இக்கோயிலின் செல்வத்தைக் கொள்ளையிடாமல் இறைவனுக்கே விட்டுக்கொடுத்ததைக் கன்னடத்தில் இங்கேயே பொறித்துவைத்தான். தோற்ற ஊரின் கோயிலில் வென்றவன் எழுதிய இப்படியொரு கல்வெட்டு அரிது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுற்றுச்சுவரோ பல்லவர் வரலாற்றையே வரிசையாகச் சிற்பங்களில் சொல்கிறது; இரண்டாம் நந்திவர்மன் சிறுவனாக இருந்தபோதே அரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கதையும் அதில் அடக்கம். ஏகாம்பரநாதர் கோயிலின் பெரிய ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் 1509இல் கட்டியது.

விஷ்ணுகாஞ்சி எனப்படும் சின்ன காஞ்சிபுரத்தின் நடுநாயகம் அத்திகிரி வரதராஜப் பெருமாள் கோயில். அனந்தசரஸ் குளத்துக்குள் வைக்கப்பட்டுள்ள அத்தி மரத் திருமேனி 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே வரும். கடைசியாக வந்தது 2019இல். விஷ்ணுகாஞ்சிக்குள்ளும் ஒரு பிரிவு இருக்கிறது: வைணவர்களுள் வடகலையாருக்கும் தென்கலையாருக்கும் இடையிலான வழிபாட்டு உரிமை வழக்குகள் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே நீதிமன்றப் படி ஏறியவை. பெரிய, சின்ன காஞ்சிபுரங்களை இணைப்பது போல, வைகாசி கருடசேவையன்று பெருமாளே சின்ன காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டுப் பெரிய காஞ்சிபுரத்துத் தெருக்களில் வலம் வருகிறார்.

ஜினகாஞ்சி என்பது வேகவதிக்கு அப்பால் உள்ள திருப்பருத்திக்குன்றம். அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387இல் கட்டினார். மண்டபக் கூரையில் தீர்த்தங்கரர் வரலாறுகள் ஓவியங்களாக உள்ளன.

புத்தகாஞ்சியை மட்டும் இன்று தெருவாக அடையாளம் காட்ட இயலாது. 7ஆம் நூற்றாண்டில் வந்த சீனப் பயணி சுவான்சாங், காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட நாட்டில் நூறு பௌத்தப் பள்ளிகளும் பத்தாயிரம் துறவியரும் இருந்ததாக எழுதினார். நாலந்தாவின் தலைமை ஆசிரியராக விளங்கிய தருமபாலர் இவ்வூர்க்காரர். அக்காலத்துப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் தன் மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நகைச்சுவை நாடகத்தில் காபாலிகன், பாசுபதன், பௌத்தத் துறவி மூவரையும் காஞ்சித் தெருவிலேயே வாதாட வைத்தான். காமாட்சியம்மன் கோயிலில் கிடைத்த, ஆளுயரத்தை விஞ்சிய நின்ற கோலப் புத்தர் சிலை இப்போது சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.