தளர்த்திய தந்திகள்

கிட்டாரைத் தடித்த தந்தியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி சேர்ப்பதே பொதுவழக்கம். ஹவாய்த் தீவினர் அதைத் தளர்த்திய கதையைச் சொல்கிறேன்.

1793இல் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் வான்கூவர் ஹவாய் மன்னருக்கு மாடுகளைப் பரிசளித்தார். அவை பெருகிப் பயிர்களை அழித்தன. அவற்றை அடக்க, 1830களில் மன்னர் மூன்றாம் கமேஹமேஹா கலிபோர்னியாவிலிருந்து மெக்சிகோ மாட்டுக்காரர்களை வரவழைத்தார். அவர்களோடு கிட்டாரும் வந்தது.

ஹவாய்க்காரர்கள் தங்கள் பாட்டுக்கேற்பத் தந்திகளைத் தளர்த்தினார்கள். ‘கீ ஹோஆலு’ என்ற பெயருக்கே முறுக்காணியைத் தளர்த்துதல் என்றுதான் பொருள். ‘சேப்பங்கிழங்கு வயல்’ என்ற சுருதியில் முதல், ஐந்தாம், ஆறாம் தந்திகள் ஒவ்வொரு முழுச்சுரம் இறங்கும். அப்போது டி, ஜி, டி, ஜி, பி, டி. விரல் வைக்காமல் மீட்டினாலே ஜி மேஜர் ஒலிக்கும். கட்டைவிரல் அடிச்சுரத்தைப் பிடிக்க, மற்ற விரல்கள் மெட்டை வாசிக்கும்.

பல குடும்பங்கள் தங்கள் சுருதியை ரகசியமாகவே காத்தன. விளைவு, கற்பவர்கள் குறைந்து கலையே அருகியது. 1940களில் கேபி பஹினுயியின் இசைத்தட்டுகள் அதை வெளியே கொண்டுவந்தன. 1973இல் கியோலா பீமர் பயிற்சிநூலே எழுதினார்.

புலம்பெயர்ந்த நமக்கும் இதில் பாடம் இருப்பதாக நினைக்கிறேன். பூட்டிவைத்தது நம்மோடு போய்விடும். சொல்லிக்கொடுத்ததே பேரப்பிள்ளைகளைச் சேரும்.