மட்கார்டு இல்லாத கார்

ஒரு சின்னக் கணக்கு போடுவோமா? 1925-ல் ஃபோர்டு கம்பெனியின் 'மாடல் டி' காரில் மலிவான ரகத்தின் விலை 260 டாலர். வாங்கிப் பத்து வருஷம் ஓட்டித் தள்ளியாகிவிட்டது. இப்போது அதன் மதிப்பு என்ன? நான் பி.காம். படித்தவன். வருஷா வருஷம் தேய்மானத்தைக் கழித்துக்கொண்டே வந்து கடைசியில் ஒரு தொகையை நிறுத்தச் சொல்லிக் கொடுத்தார்கள். ஸ்கிராப் வேல்யூ. காயலான் கடையில் எடைக்குப் போட்டால் என்ன தேறுமோ, அது.

ஹென்றி ஃபோர்டு 1908 முதல் 1927 வரை இந்த ரகத்தில் மட்டும் ஒன்றரைக் கோடி கார்களைத் தயாரித்துத் தள்ளியிருந்தார். ஆகவே 1930-களில் அமெரிக்கா முழுக்கக் கொல்லைப்புறங்களில் இந்தப் பழைய இரும்பு குவிந்து கிடந்தது. கணக்குப்பிள்ளைகள் கைகழுவிய அந்த இரும்பைத் தூக்கிக்கொண்டு போனார்கள் தெற்குக் கலிஃபோர்னியாப் பையன்கள். வயது பதினேழு, பதினெட்டு இருக்கும். பையில் காசு கிடையாது. ஆனால் வேகம் வேண்டும்.

அவர்கள் செய்த வண்டிக்குத்தான் பின்னாளில் 'ஹாட் ராட்' என்று பெயர் வந்தது. ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். விடுங்கள், அது முக்கியமில்லை.

ஏன் கலிஃபோர்னியா? மழை குறைவு, கார் சீக்கிரம் துருப்பிடிக்காது. விமானத் தொழிற்சாலைகள் நிறைய, லேத்தும் வெல்டிங்கும் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, லாஸ் ஏஞ்சலீஸைத் தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் பாலைவனத்தில் வற்றிப்போன ஏரிகள். அதில் மியூராக் என்பது மிகப் பெரியது. மைல் கணக்கில் மேடு பள்ளம் இல்லாத, சுட்ட ஓடு போல இறுகிய தரை. மரம் கிடையாது, வளைவு கிடையாது, முக்கியமாக போலீஸ் கிடையாது. சனிக்கிழமை ராத்திரி கிளம்பி ஞாயிறு விடியும்போது போய்ச் சேர்வார்கள். 1937-ல் பல கிளப்புகள் கூடி எஸ்.சி.டி.ஏ. என்று ஒரு சங்கமே வைத்துக்கொண்டன.

நடுவில் ஹென்றி ஃபோர்டு இன்னொரு காரியம் செய்திருந்தார். வி-8 என்ஜின் என்றால் அதுவரை காடிலாக் மாதிரிப் பணக்கார வண்டிகளின் சமாசாரம். கிழவர் அதைச் சாமானியனின் காரில் வைக்க ஆசைப்பட்டார். சிலிண்டர்கள் உள்ள மொத்த பிளாக்கையும் ஒரே வார்ப்பாக வார்த்தால்தான் விலை இறங்கும். முடியவே முடியாது என்றார்கள். ஃபவுண்டரியில் வார்ப்புக்கு மேல் வார்ப்பாக வீணானது. அவர் விடவில்லை. 1932 மார்ச்சில், 68 வயதில், 65 குதிரை சக்தி என்ஜினோடு காரை இறக்கினார். வி-8 ரோட்ஸ்டர் விலை 460 டாலர்!

1934 ஏப்ரலில் ஃபோர்டுக்கு ஒரு கடிதம் வந்தது. உங்கள் வி-8 போல வண்டி வராது என்று ஒரே புகழ்மாலை. கீழே கையெழுத்து, கிளைட் பாரோ. பானி - கிளைட் கொள்ளை ஜோடியில் அந்த கிளைட். நிஜமாகவே அவன் எழுதியதுதானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் அடுத்த மாதம் 23-ம் தேதி லூசியானாவில் போலீஸ் அவர்களைச் சுட்டுத் தள்ளியபோது, இருவரும் உட்கார்ந்திருந்தது ஒரு திருட்டு ஃபோர்டு வி-8-ல்தான். அதில் சண்டை இல்லை.

சரி, வீட்டில் எப்படிச் செய்தார்கள்?

முதல் வேலை, கழற்றுவது. மட்கார்டு, பம்பர், பானெட் எல்லாம் போச்சு. எடை குறைந்தால் அதே என்ஜினில் வேகம் கூடும். சல்லிக்காசு செலவில்லாத முன்னேற்றம் இது ஒன்றுதான். அடுத்தது ஆக்ஸா பிளேடு. கூரையைத் தாங்கும் தூண்களில் சில அங்குலம் அறுத்து எடுத்துவிட்டுத் திரும்பப் பற்றவைப்பார்கள். கூரை இறங்கும், காற்று தடுக்காது. பிறகு தரையை வெட்டி, மொத்த பாடியையும் சேசிஸின் மேல் செருகினாற்போல இறக்கி உட்காரவைப்பார்கள். வண்டி தரையோடு தரையாகப் பதுங்கிக்கொள்ளும். இன்றைக்கு நாம் பார்த்து மயங்குகிற அந்தத் தோற்றம் யாரும் அழகுக்காகத் தொடங்கியதில்லை.

பிறகு என்ஜின். ஃபோர்டின் அந்த வி-8-ல் வால்வுகள் மேலே இல்லை, பிளாக்குக்குள்ளேயே பக்கவாட்டில் இருக்கும். மேல்மூடி தட்டையாக இருப்பதால் 'ஃபிளாட்ஹெட்' என்று பெயர். அந்த மூடியைக் கொஞ்சம் சீவினால் அழுத்தம் கூடும். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைப்பார்கள். கேம் ஷாஃப்டை வேறு மாதிரி தேய்த்தால் வால்வு அதிக நேரம் திறந்திருக்கும், என்ஜின் நன்றாக மூச்சு வாங்கும். ஆனால் ஒரு ஜென்மப் பகை உண்டு. சூடு. எரிந்த புகை வெளியேறும் வழி பிளாக்கின் உள்ளே, குளிர்விக்கும் தண்ணீருக்கு நடுவிலேயே போகிறது. பக்கத்துக்கு நான்கு சிலிண்டர், புகை வெளியேற மூன்றே வாசல். ரேடியேட்டர் கொதிக்காமல் என்ன செய்யும்?

பிரேக் சமாசாரம் இன்னும் மோசம். 1938 வரை ஃபோர்டு கார்களில் கம்பியும் நெம்புகோலும்தான். ஹைட்ராலிக் பிரேக் 1939-ல்தான் வந்தது. என்ஜின் சக்தியை ஏற்றிவிட்டுப் பழைய பிரேக்கோடு ஓட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. விவரமான பையன்கள் அடிபட்ட 39 மாடலைத் தேடிப்போய் பிரேக்கை மட்டும் கழற்றிவந்தார்கள். எல்லாப் பையன்களும் விவரமானவர்கள் இல்லையே.

விக் எடல்பிராக் என்றொரு மெக்கானிக். தினமும் ஓட்டுகிற தன் 1932 ரோட்ஸ்டருக்கு இரண்டு கார்புரேட்டர் பொருத்துகிற மேனிஃபோல்டை வடிவமைத்துக்கொண்டார். 1941 நவம்பரில் அதே வண்டி வறண்ட ஏரியில் 121 மைல் வேகம் போனது. கிலோமீட்டரில் 195! அடுத்த மாதம் பேர்ல் ஹார்பர். பையன்களெல்லாம் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மியூராக் ஏரியை ராணுவம் எடுத்துக்கொண்டது. 1947 அக்டோபர் 14-ல் அதே இடத்திலிருந்து மேலே போய்த்தான் சக் ஈகர் ஒலியின் வேகத்தைத் தாண்டினார்.

போர் முடிந்து திரும்பியவர்களிடம் கொஞ்சம் பணம், நிறையத் தொழில்நுட்பம், அதைவிட நிறையப் படபடப்பு. எட் இஸ்கெண்டேரியன் என்ற ஆர்மீனிய வம்சாவளி இளைஞருக்கு கேம் ஷாஃப்ட் வேண்டியிருந்தது. ஆர்டர் கொடுத்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பழைய கிரைண்டிங் மெஷினை வாங்கி மாற்றியமைத்து, தானே தேய்க்க ஆரம்பித்துவிட்டார். எடல்பிராக்கும் சரி, இவரும் சரி, சொந்த வண்டிக்காகச் செய்த சாமானிலிருந்து கம்பெனி நடத்தியவர்கள். எந்த பிசினஸ் ஸ்கூலும் சொல்லித்தராத மார்க்கெட் ரிசர்ச்.

ஆனால் ஏரி தூரம், தெரு பக்கம். சிக்னலில் இரண்டு வண்டி நின்றால் பந்தயம். மோதினார்கள், செத்தார்கள். ஹாட் ராட் என்றாலே ரௌடி என்று பத்திரிகைகள் எழுதின. மொத்தமாகத் தடை செய்யுங்கள் என்று குரல் எழுந்தது. (நம்மூரில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவே போதும். கம்பெனி செய்த வண்டியை இஷ்டத்துக்கு அறுத்து ஒட்டினால் ஆர்.டி.ஓ. விடமாட்டார்.)

அங்கே நடந்தது வேறு. 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் 'ஹாட் ராட்' என்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். விலை 25 சென்ட். அதன் ஆசிரியரான வாலி பார்க்ஸ், 1951-ல் என்.எச்.ஆர்.ஏ. சங்கத்தை அமைத்தார். பையன்களைத் தெருவிலிருந்து இழுக்க வேண்டுமானால் அவர்களுக்கு ஓர் இடம் கொடுங்கள், ஓடுவதற்கு முன் வண்டியைச் சோதியுங்கள் என்பது அவர் கட்சி. விமான ஓடுதளங்கள் பந்தயக் களமாயின. தெருப் பந்தயம் அடியோடு நின்றுவிடவில்லை. ஆனாலும் திட்டித் தீர்த்தவர்களைவிடப் பார்க்ஸ் காப்பாற்றிய உயிர்கள் அதிகம் என்றுதான் நினைக்கிறேன்.

வியாபாரிகளில் ஒருவர் இதைச் சரியாகப் படித்தார். ஃபோர்டு ஃபிளாட்ஹெட்டுக்கு 'ஆர்டன்' என்ற மேல்மூடியை வடிவமைத்த ஸோரா ஆர்கஸ்-டண்டாவ், 1953-ல் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்திருந்தார். அந்த டிசம்பரிலேயே மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். சாரம் இதுதான்: இந்தப் பையன்கள் படிக்கிற பத்திரிகை முழுக்க ஃபோர்டு. நாளைக்குக் கையில் காசு வந்ததும் அவர்கள் வாங்கப்போவதும் ஃபோர்டு. நாம் என்ன செய்யப்போகிறோம்? 1955-ல் வந்த செவ்ரலே வி-8 அந்த ஃபிளாட்ஹெட்டை மூலைக்கு அனுப்பியது. அதையும் பையன்கள் அடிபட்ட கார்களிலிருந்து கழற்றி, 1932 ஃபோர்டுக்குள் திணித்தார்கள்.

பழைய கார் பிரியர்களுக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது. அருமையான வண்டியைக் கசாப்புப் போடுகிறார்கள் என்று கோபம். கலிஃபோர்னியாவிலேயே பெபிள் பீச்சில் வருஷா வருஷம் கோட்டும் தொப்பியுமாகப் பெரிய மனிதர்கள் கூடிப் பழங்காலக் கார்களுக்குப் பரிசு கொடுப்பார்கள். 1997-ல் அங்கே முதன்முறையாக ஹாட் ராடுகளுக்கு ஒரு பிரிவு வைத்தார்கள். ஜெயித்தது, 1940-களில் டோன் ஸ்பென்சர் என்ற பையன் தன் கைப்பட மாற்றியமைத்த 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர். அதைப் பழையபடி புதுப்பித்தவர்கள் ஃபோர்டு செய்ததைத் தேடிப்போகவில்லை. ஸ்பென்சர் எங்கே அறுத்தார், எங்கே துளை போட்டார் என்றுதான் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள்.