ஆங்கில முன்னிடைச்சொற்களும் அவற்றைப் பயிலும் முறையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆங்கிலத்தை அயன்மொழியாகக் கற்போர் பலர், வினைத்திரிபுகளையும் ஒருமை பன்மை வேறுபாடுகளையும் செவ்வனே கைவரப்பெற்ற பின்னரும், ‘இன்’, ‘ஒன்’, ‘அற்’ என்னும் சிறு சொற்களிடத்தே இடர்ப்படுகின்றனர். பெயருக்கு முன்னின்று தொடர்பை உணர்த்தும் இவை முன்னிடைச்சொற்கள் எனப்படும். இவ்விடர்ப்பாடு மாணாக்கரின் சோம்பலால் மாத்திரம் விளைவதன்று. அம்மொழியின் வரலாற்றிலும், அது கற்பிக்கப்பட்ட முறைகளின் வரலாற்றிலும் அதற்குக் காரணம் உண்டு.

பழைய ஆங்கிலம், தமிழைப் போலவே, வேற்றுமைப் பொருளைப் பெயரின் இறுதியிற் காட்டியது. கல் எனப் பொருள்படும் ‘ஸ்டான்’ என்னும் சொல், உடைமைப் பொருளில் ‘ஸ்டானெஸ்’ எனவும் கொடைப் பொருளில் ‘ஸ்டானெ’ எனவும் திரிந்தது. அக்காலத்தும் முன்னிடைச்சொற்கள் இருந்தன. எனினும் ஈறுகளும் உடனின்று பொருள் விளக்கின. பின்னர் ஈறுகள் ஒலி மெலிந்து தேய்ந்தன. உடைமை ஈறு ஒன்றே பெயர்களில் எஞ்சிற்று. ஈறுகள் சுமந்த பாரம் முன்னிடைச்சொற்கள் மீது ஏறியது. அவற்றின் பொருளும் மாறியது. இன்று ‘உடன்’ எனப் பொருள்படும் ‘வித்’, பண்டு ‘எதிர்’ என்னும் பொருளது. எதிர்த்து நிற்றலைக் குறிக்கும் ‘வித்ஸ்டாண்ட்’ என்னும் வினையில் அப்பழம்பொருள் இன்றும் நிலவுகிறது.

தமிழ் மாணாக்கன் எதிர்கொள்ளும் இடர் யாது? ‘ஊருக்குப் போனான்’, ‘ஐந்து மணிக்கு வந்தான்’, ‘காய்ச்சலுக்கு மருந்து’ என்னும் மூன்றிடத்தும் தமிழில் நிற்பது ‘கு’ என்னும் ஓருருபே. ஆங்கிலத்தில் அவை முறையே ‘ரு’, ‘அற்’, ‘போர்’ எனப் பிரியும். ‘மேசையில் புத்தகம்’, ‘பெட்டியில் பணம்’, ‘வாசலில் காவலாள்’ என்பனவும் அத்தகையனவே. அங்கே ‘ஒன்’, ‘இன்’, ‘அற்’ எனச் சொற்கள் வேறுபடும். மேல், உள், முன் முதலியவற்றால் தமிழும் இடத்தை நுண்ணிதாகக் குறிக்கவல்லது. தொல்காப்பியம் இவற்றை ஏழாம் வேற்றுமையோடு சேர்த்துக் கூறும். ஆயின், தமிழில் அது பேசுவோன் விருப்பம். ஆங்கிலத்திலோ அது கட்டாயம்.

ஆங்கில இலக்கண நூலார் இவ்விடரை நெடுங்காலம் கருதினாரல்லர். றொபேட் லௌத் 1762இலும் லிண்ட்லி மரே 1795இலும் வெளியிட்ட இலக்கணங்கள் தாய்மொழியாளரையே நோக்கியவை. முன்னிடைச்சொல் வாக்கிய இறுதியில் வரலாமா என்பது அக்காலத்துப் பெருவினாக்களுள் ஒன்று. 1672இலேயே கவிஞர் டிறைடன் அவ்வழக்கைக் குறைகூறியிருந்தார். எந்தச் சொல்லோடு எந்த முன்னிடைச்சொல் வரும் என்பதே அயன்மொழியாளன் வினா.

அவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சி யப்பானிற் சிறந்தது. யப்பானிய மொழியிலும், தமிழிற் போல, உறவுணர்த்தும் இடைச்சொல் பெயருக்குப் பின்னரே நிற்கும். 1922இல் அங்குச் சென்ற ஹரோல்ட் பாமர், அடுத்த ஆண்டில் ஆங்கிலம் கற்பித்தலை ஆராயும் நிறுவனமொன்றைத் தோக்கியோவில் தொடங்கினார். 1938இல் வெளிவந்த அவருடைய நூல், ஆயிரம் அடிப்படைச் சொற்கள் வாக்கியத்தில் அமையும் வகையை விளக்கிற்று. அவர்வழி நின்ற ஏ. எஸ். ஹோன்பி, கேற்றன்பி, வேக்பீல்ட் என்போர் தொகுத்த அகராதி 1942இல் யப்பானில் வெளிவந்தது. 1948இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழக அச்சகம் அதனை மீளப் பதிப்பித்தது. சொல்லின் பொருளோடு நில்லாது, வினைச்சொற்கள் வாக்கியத்திற் பயிலும் அமைப்பு வகைகளையும் காட்டியமை அதன் தனிச்சிறப்பு.

இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. முன்னிடைச்சொல்லைத் தனித்துப் பொருள்கண்டு மனனஞ் செய்தல் பயனற்றது. அதனை வேண்டிநிற்கும் சொல்லோடு சேர்த்தே பயிலல் வேண்டும். சார்ந்திருத்தலைக் குறிக்கும் ‘டிபெண்ட்’ என்பது ‘ஒன்’ என்பதையும், அச்சத்தைக் குறிக்கும் ‘அஃப்ரெய்ட்’ என்பது ‘ஒவ்’ என்பதையும் வேண்டும். இவற்றை முழுத்தொடராக வாய்விட்டுப் படித்தலும், தமிழாக்கிய பத்தியைச் சின்னாட் கழித்து மீண்டும் ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடுதலும் தக்க பயிற்சிகளாம்.

பிழை சிறிதெனினும் விளைவு சிறிதன்று. பந்தெறிதலைக் கூறுமிடத்து ‘ரு’ வரின், ஒருவன் பிடிக்குமாறு எறிந்தமை புலப்படும். ‘அற்’ வரின், அவன்மேற் படுமாறு எறிந்தமை புலப்படும். நட்பையும் பகையையும் வேறுபடுத்தும் ஆற்றல் இச்சிறு சொற்களுக்கு உண்டாதலின், அவற்றிற் செலவிடும் உழைப்பு வீண்போகாது.