வாசலுக்கு வந்த வேக்குவம் கிளீனர்

1901இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் காப்புரிமை பெற்ற வேக்குவம் கிளீனர், குதிரை வண்டியில் தெருவுக்கு வந்து சன்னல் வழியே குழாயை நீட்டும் பூதம். ஸ்பாங்லரின் வடிவமைப்பை வாங்கிய அமெரிக்க ஹூவர், 1908இல் அதைக் கைக்கு அடக்கமாக்கி 60 டாலருக்கு விற்றார். அவ்வாண்டு ஃபோர்டின் மாடல் டி காரே ஏறத்தாழ 850 டாலர்தான்!

இந்திய நடுத்தர வீடுகளுக்கு அது பரவலாக வந்தது, ஃபோர்ப்ஸும் சுவீடனின் எலக்ட்ரோலக்ஸும் இணைந்து 1982இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் வழியே. கழுத்துப்பட்டை அணிந்த விற்பனையாளர்கள் வீடுவீடாக ஏறி, மெத்தையிலிருந்து உறிஞ்சிய தூசியைக் காட்டி வியக்க வைத்தனர். எனினும் இயந்திரத்தின் விலையோடு போட்டியிட்டது துடைப்பமன்று. அதைப் பிடித்த பெண்ணின் மலிவான கூலியே என்பது நம் கருத்து.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அவர் வளப்பூர் நாட்டுக்கு ஏறியிருந்தால், சாணம் மெழுகிய முற்றத்தில் எதை உறிஞ்சிக் காட்டியிருப்பாரோ!