ரைபிளுக்கு சிந்தெடிக் கட்டை: வாங்கும் முன் எதைப் பார்க்கணும்?

பெயர்தான் 'வேட்டை ரைபிள்'. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது பொழுதுபோக்கு வேட்டைக்கு இங்கே இடமில்லை. எனவே இது, கோலார் தங்கவயல் வாசகர்களில் உரிமத்தோடு ரைபிள் வைத்து இலக்குப் பயிற்சி செய்பவர்களுக்கு.

மரக்கட்டை ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும். அது குழலை நெருக்கினால் குண்டு படும் இடமே மாறிடும். சிந்தெடிக் கட்டையில் அந்தத் தொல்லை குறைவு. ஆனா மலிவான பிளாஸ்டிக் கட்டையின் முன்பக்கம் கையால் அழுத்தினாலே வளையும்; கடையிலேயே அழுத்திப் பாருங்க. எபாக்சியில் தோய்த்த கண்ணாடி இழை, கார்பன் இழைக் கட்டைகள் விறைப்பானவை, விலையும் கூட. திருகு இறுகும் இடத்தில் அலுமினியத் தாங்கி இருந்தால் நல்லது.

இஷாப்பூர் .315 வைத்திருந்தால் கவனம். அது லீ-என்ஃபீல்டு வழி வந்தது. முன்கட்டையும் பின்கட்டையும் தனித்தனி. ரெமிங்டன் 700-க்கான ஒற்றைக் கட்டை அதில் உட்காராது. "கொஞ்சம் சீவினா சரியாயிடும்"னு கடைக்காரர் சொன்னா நம்பிடாதீங்க.

மாற்றும் வேலையை உரிமம் பெற்ற பட்டறையிலேயே செய்யுங்க. கட்டை மாறியதும் இலக்கில் சுட்டு, குறியை மறுபடி சரிபார்க்கணும்.